பழைய லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங்: எதை மாற்றலாம், எப்போது புதிது வாங்கலாம்?

கைப்பேசியில் எடுத்த 4கே வீடியோவை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்ததும் படம் திணறினால், பலரும் உடனே எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை வாங்கக் கிளம்புகிறார்கள். எஸ்எஸ்டி பயனுள்ள செலவுதான் என்றாலும், இந்தத் திணறலை அது பெரும்பாலும் தீர்ப்பதில்லை. நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட 4கே கைப்பேசி வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 50 மெகாபிட், அதாவது 6 மெகாபைட்டுக்குச் சற்று அதிகமான தரவே தேவைப்படுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட் அளவுக்குப் படித்துக் கொடுக்கும். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் படி: அளந்து பாருங்கள்

சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். திணறும் பகுதியை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் கவனியுங்கள். சிபியு 100 சதவீதத்தில் நின்றால் ப்ராசசர் திணறுகிறது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் மட்டுமே சேமிப்பகத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிபியு முழுவதும் உழைத்தும், அங்கே காட்டப்படும் கிகாஹெர்ட்ஸ் அளவு அதன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால், காரணம் பெரும்பாலும் வெப்பம்தான். விசிறியையும் காற்று வழியையும் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இடும் வேலையை, முதல் முறை என்றால் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ப்ராக்ஸி உருவாக்குங்கள்

செலவே இல்லாத இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம். இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்தும் எச்.264, எச்இவிசி ஆகிய வீடியோ சுருக்க முறைகள் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. சில ஃபிரேம்களை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் பதிகின்றன. அதனால் டைம்லைனில் நடுவே எங்காவது தாவினால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்காக ப்ராசசர் அதற்கு முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. எடிட்டிங்குக்கு ஏற்ற முறையில் சிறிய அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து வெட்டுவதுதான் ப்ராக்ஸி. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில், கிளிப்புகள் இருக்கும் மீடியா பூலில் கிளிப்பின் மேல் வலச் சொடுக்கி ‘ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனுவில் ‘யூஸ் ப்ராக்ஸி’ இருக்கிறது. கேடென்லைவிலும் இதே வசதி உண்டு. இறுதியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் கோப்பையே எடுத்துக்கொள்வதால் தரம் குறையாது. ப்ராக்ஸி தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். டிஸ்க்கில் இடமும் வேண்டும்.

மூன்றாம் படி: ரேம், பிறகு எஸ்எஸ்டி

8 ஜிபி ரேமில் 1080பி வீடியோவைச் சமாளிக்கலாம். 4கேக்கு 16 ஜிபி வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ரேம் வகை டிடிஆர்3எல்லா, டிடிஆர்4ஆ என்று பாருங்கள். இரண்டின் விளிம்பிலுள்ள சிறிய பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களாகப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் ரேமையே பகிர்ந்துகொள்வதால் இதன் பலன் கூடுதலாகத் தெரியும்.

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸும் எடிட்டிங் மென்பொருளும் விரைவாகத் திறக்கும். கோப்புகளை நகலெடுப்பதும் விரைவாக முடியும். எஸ்எஸ்டியில் பழைய இணைப்பு முறையான சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை தரும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை அதைப் போலப் பல மடங்கு தரும். சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக என்விஎம்இ வாங்கிவிடாதீர்கள், சாட்டாவை மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டுகளும் உண்டு. மூடியைத் திறப்பதற்கு முன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: புதிது வாங்க வேண்டிய நிலை

லேப்டாப்பில் ப்ராசசரையும் கிராபிக்ஸ் சிப்பையும் பொதுவாக மாற்ற முடியாது. இன்டெல்லின் 7ஆம் தலைமுறை ப்ராசசர்களில் மிகச் சிலவற்றைத் தவிர, அவையும் அதற்கு முந்தையவையும் விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் ரேம் 8 ஜிபிக்கு மேல் ஏறாது என்றால், இனி அதில் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

புதியதில் 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம். பின்னால் கூட்ட முடியாத மாடல் என்றால் 32 ஜிபியாகவே வாங்குங்கள். கேமராவில் நிற விவரங்களைக் கூடுதலாகப் பதியும் 10 பிட் 4:2:2 முறையில் எச்இவிசி வீடியோ எடுப்பவர்கள் அதை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் ப்ராசசரைத் தேட வேண்டும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை லேப்டாப் ப்ராசசர்களும் ஆப்பிளின் எம்1ம் இதைச் செய்யும். என்விடியா கார்டுகளில் இந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. திரையையும் விசாரியுங்கள். விலை குறைந்த மாடல்களில் வரும், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதம் மட்டுமே காட்டும் திரையில் நிறங்கள் வெளிறித் தெரிவதால், அதை நம்பி வண்ணம் திருத்தினால் மற்றவர்களின் கைப்பேசியில் நிறம் மிகையாகத் தெரியும். எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுகோலில் 100 சதவீதம் என்று குறிப்பிட்டிருப்பதையே கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த கிளிப்புகள் சிலவற்றை பென் டிரைவில் கொண்டுசெல்லுங்கள். காட்சிக்கு வைத்துள்ள லேப்டாப்பில் அவற்றை ஓடவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்திலுள்ள ‘வீடியோ டிகோட்’ வரைபடம் அசைகிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.