மல்லாட்டைப் புண்ணாக்கிலிருந்து வீட்டிலேயே புரதம் எடுப்பது

செக்கடியில் எண்ணெயைத் தூக்கில் வாங்கிக்கொண்டு, புண்ணாக்கை மாட்டுக்கென்று சாக்கில் கட்டி அனுப்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய எண்ணெய், கால் பங்கு புரதம் என்று முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் நான். அந்தக் கால் பங்கு அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போகிறதே என்று உறைத்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். எண்ணெய் இறங்கிய புண்ணாக்கில் நூற்றுக்கு 40க்கு மேல் புரதம் நிற்கும். நாம் விலை கொடுத்து வாங்குகிற துவரம்பருப்பில் 22தான்.

இது புது யோசனையும் இல்லை. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், எண்ணெய் எடுத்த கடலைமாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு என்று சேர்த்துச் சத்துமாவு செய்தார்கள். கடலைப் புரதத்தைத் தனியாகப் பிரித்து எருமைப்பாலோடு கலந்து ‘மில்டோன்’ என்று ஒரு பாலும் கொண்டுவந்தார்கள். அங்கே ஆலையில் செய்ததைச் சமையலறை அளவுக்குச் சுருக்கித்தான் நான் செய்கிறேன். தேவைப்படுவது சமையல் சோடா, எலுமிச்சம்பழம், வெள்ளை வேட்டித் துணி, ஒரு கட்டு பிஹெச் தாள். பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் விற்கிற கடையில் அந்தத் தாள் கிடைக்கும். சிவப்பு, நீல லிட்மஸ் போதாது. நிறத்தை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிற தாள்தான் வேண்டும். அந்த எண்தான் பிஹெச்: ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு (அமிலம்), ஏழுக்கு மேலே போனால் சோடா மாதிரிக் காரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கொட்டை. நான் அதிகம் பேசப்போவதே இதைப் பற்றித்தான். முதல் தடவை அவசரப்பட்டுத் தீவனக் கடையில் புண்ணாக்கு வாங்கிவந்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உடைத்தால் நடுவில் பச்சையும் சாம்பலுமாய்ப் பூத்திருந்தது, மண் நனைந்த மாதிரி ஒரு முடை. அதை மாட்டுக்குக்கூடப் போடாமல் குழி வெட்டிப் புதைத்தேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான். அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சை உலகம் கண்டுகொண்டது அப்போதுதான். கல்லீரலை அரிக்கிற நஞ்சு அது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. நாம் பிரிக்கிற புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும். கெட்ட கொட்டையைப் பின்னால் எந்தப் பக்குவத்தாலும் நல்லதாக்க முடியாது.

அதனால் நான் கோடைப் பட்டத்து மல்லாட்டையை மட்டும் எடுக்கிறேன். ஆடியில் விதைத்த மானாவாரிக் காய் பிடுங்குகிற சமயத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும். களத்தில் காய் ஈரத்தோடு குவிந்து கிடந்தால் பூஞ்சைக்கு அதைவிட வசதி வேண்டாம். மார்கழியில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் பிடுங்கியது வேலூர் வெயிலில் நாலைந்து நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். உடைத்த பருப்பை முறத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, முளை விட்டது, பூச்சி ஓட்டை போட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளுங்கள். பத்துக் கிலோவுக்கு எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரு மத்தியானம் ஆகும். அதில் சோம்பல்பட்டால் மேற்கொண்டு இதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது செக்கு. மரச்செக்கில் ஆட்டியதுதான் தோதானது. இரும்பு எக்ஸ்பெல்லரில் சூடு ஏறிப் புரதம் இறுகிவிடும், பிறகு தண்ணீரில் கரைந்து வராது. அதே செக்கில் ஆமணக்கு, வேம்பு, இலுப்பை ஆட்டுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுவார்கள் என்றால் வேறு செக்குப் பாருங்கள். தோலில் துவர்ப்பு உண்டு என்பதால் பருப்பை லேசாக வெயில் காட்டித் தேய்த்துப் புடைத்துக் கொண்டுபோவேன். ஒருமுறை மொத்தத் தோலையும் நீக்கிக் கொண்டுபோனபோது செக்குக்காரர், “கொஞ்சம் தோலு இருக்கட்டும் டீச்சரம்மா, இல்லைன்னா உலக்கைக்குப் பிடிமானமே இருக்காது, வழவழன்னு சுத்தும்” என்றார். அவர் சொன்னபடிதான் இருந்தது. இப்போது கால்வாசித் தோலை விட்டுவைக்கிறேன். ஆட்டும்போது தண்ணீர் தெளிப்பதால் புண்ணாக்கில் ஈரம் இருக்கும். அன்றைக்கே உடைத்துக் காயவைத்து, மிக்சியில் மாவாக்கி, சலித்துவிட வேண்டும்.

இனி அரைக் கிலோ மாவுக்குக் கணக்குச் சொல்கிறேன். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, தலை தட்டிப் போடுங்கள். மாவைத் தூவித் தூவிக் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் மணி நேரம் மத்தால் மெதுவாகக் கிண்டிக்கொண்டே இருங்கள். வேகமாகக் கடைந்தால் நுரைதான் மிஞ்சும். பிஹெச் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. இந்தக் கார நிலையில் புரதம் தண்ணீருக்கு இறங்கிவிடும், நாரும் தோலும் நின்றுவிடும். துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அலசி இரண்டாம் பாலும் எடுங்கள், தேங்காய்ப்பால் எடுப்பது போலத்தான்.

வடித்த பாலை இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மிச்ச எண்ணெயில் ஓரளவு ஏடாக மேலே வரும். கரண்டியால் வழித்துவிடுங்கள். எண்ணெய் எவ்வளவு குறைகிறதோ, புரதம் அத்தனை நாள் காறாமல் இருக்கும்.

இப்போது திரிக்க வேண்டும். அகலமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், சோடாவும் புளிப்பும் சேர்ந்தால் பொங்கும். எலுமிச்சைச் சாறு பன்னிரண்டு பதினைந்து பழத்துடையது பிடிக்கும். பழம் விலை ஏறியிருந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றலாம். கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிண்டுங்கள். பாதி ஊற்றும்வரை ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், பால் கொஞ்சம் கெட்டியாகி வெள்ளை கூடும், அவ்வளவுதான். பிஹெச் ஐந்தைத் தாண்டி இறங்கும்போது கரண்டியின் முதுகில் பொடிப்பொடியாய் மணல் ஒட்டுகிற மாதிரி தெரியும். நாலரையில் அந்தப் பொடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிதிரியாகத் தொங்கி, நடுவில் வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீர் பிரியும். அங்கேயே கையை நிறுத்துங்கள். அந்த நாலரையில் கடலைப் புரதத்தின் மேலிருக்கும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒன்றையொன்று தள்ள எதுவும் இல்லாததால் சேர்ந்து படியும். இன்னும் நன்றாகத் திரியட்டும் என்று நான் ஒரு தடவை கூடுதலாக மூன்று கரண்டி ஊற்றினேன். பிஹெச் மூன்றுக்குப் போய்த் திரிந்ததில் பாதி மறுபடியும் கரைந்துவிட்டது. அப்படி ஆனால் சிட்டிகை சிட்டிகையாகச் சோடா போட்டு நாலரைக்கு ஏற்றுங்கள், திரும்பி வரும்.

ஒரு மணி நேரம் படியவிட்டு, மேல்நீரை இறுத்து, அடியில் இருப்பதைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். புளிப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். பிழிந்ததை இட்லித் தட்டில் பரப்பி இருபது நிமிஷம் ஆவியில் வேகவைக்க வேண்டும், பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வெந்ததும் இறுகின பன்னீர் மாதிரி இருக்கும். அன்றைக்கே சமைப்பதென்றால் வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து முட்டைப் பொரியல் போலக் கிண்டலாம். எங்கள் பேரன் அதைச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்கிறான்.

பொடியாக வேண்டுமென்றால் வேகவைத்ததை உதிர்த்து, அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, சித்திரை வெயிலில் ஒரே பகலில் காயவிட்டு, அரைத்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. மேகம் போட்ட நாளில் காயவைக்கவே வேண்டாம். அரைக் கிலோ மாவுக்கு எனக்கு 130 கிராம் கிடைக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கடலைப் புரதத்தில் அவற்றில் லைசின், மெத்தியோனின் என்கிற இரண்டும் குறைவு. கேழ்வரகிலும் எள்ளிலும் மெத்தியோனின் நன்றாகவே உண்டு, லைசினுக்குப் பருப்பும் மோரும் இருக்கின்றன. அதனால் காலையில் கேழ்வரகுக் கூழில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து மோர் ஊற்றிக் கொடுக்கிறேன். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

பிழிந்த சக்கையை வீணாக்குவதில்லை. அதிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது. அன்றைக்கே தவிட்டோடு பிசைந்து தொட்டியில் போட்டால் எங்கள் சிவப்பி அடிவரை நக்கிவிடும்.