மூடினால் ஊமையாகும் பூஸ்டர் பெடல்

1590ஏ என்ற சிறிய அலுமினியப் பெட்டிக்குள், கிட்டார் சிக்னலைப் பெருக்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டர். மூடி திறந்திருந்தால் நன்றாகப் பாடியது. ஸ்குரூவை முடுக்கினால் சத்தமே இல்லை. சாலிடரைச் சந்தேகித்தது வீண். கோளாறு ஜாக்கில்: பிளக்கைச் செருகும்போது அதன் சிக்னல் தகடு வெளியே வளைந்து மூடியில் உரசுகிறது. மூடி எர்த், சிக்னல் அங்கேயே இறங்கிவிடுகிறது. பிளக்கைச் செருகியபடியே ஜாக்கைத் திருப்பி, தகடு மூடியை விட்டு விலகியதும் நட்டை இறுக்கினேன். பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழைத் தாங்கும் பாகம்) முதுகில் இன்சுலேஷன் டேப்பும் ஒட்டினேன். போர்டில் பட்டால் இதே கதைதான்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ரெசிஸ்டர்கள்: பேஸில் 430 கிலோஓம், 43 கிலோஓம், கலெக்டரில் 10 கிலோஓம், எமிட்டரில் 390 ஓம். 9 வோல்ட் பேட்டரியில் கலெக்டர் 4 முதல் 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கால்களைப் பாருங்கள்: 2என்5088 டிரான்சிஸ்டருக்குப் பதில் பிசி547 போட்டால் கால் வரிசை தலைகீழ்.

சுவிட்சை மிதித்தால் ‘டப்’ என்றால், இன்புட்டிலிருந்து எர்த்துக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.