போர்னியோ மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மதுரையில் பயணத் திட்டம் எழுதிய தாள்கள் என்னைத் தேடி வரும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், அப்படியே போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்துக்கும் போய் மழைக்காட்டைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை நம் ஊரில் பெருகியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் ஆட்கள் மாறினாலும் தாளில் இருக்கும் தவறு மாறுவதில்லை. கொசு மருந்து, குடை பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காட்டில் ஒரே ஓர் இரவு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சென்ற வாரம் கே.கே. நகரிலிருந்து வந்த தாளில் இப்படி இருந்தது: திங்கள் செபிலோக், செவ்வாய் கினபத்தாங்கான் ஆறு, புதன் டானும் பள்ளத்தாக்கு, வியாழன் கினபாலு மலையடிவாரம். அறுபடை வீட்டுச் சுற்றுலாவுக்குப் போடுகிற கணக்கு இது. திருப்பரங்குன்றத்திலும் பழமுதிர்சோலையிலும் நடை திறந்திருந்தால் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். காட்டு விலங்கு அப்படி நேரம் சொல்லிக் காட்சி தராது.

கினபத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. போர்னியோவில் மட்டுமே வாழும் நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இரை தேடிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கரையோர மரங்களுக்கு வந்து தங்கும். விடிந்ததும் மறுபடி உள்ளே போய்விடும். அதனால்தான் படகுகள் மாலையிலும் விடியலிலும் கிளம்புகின்றன. ஓர் இரவு தங்கினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே படகுப் பயணங்கள். அதில் ஒன்றை மழை எடுத்துக்கொண்டால்?

அண்ணா நகரில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரிக்கு அதுதான் நடந்தது. சண்டக்கானிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டியில் போய், சுக்காவ் கிராமத்து விடுதியில் மதியம் இறங்கியிருக்கிறார்கள். படகுத்துறையில் உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு நின்றபோது மழை பிடித்தது, இருட்டும்வரை விடவில்லை. மறுநாள் விடியலில் எதிர்க்கரையே தெரியாத மூடுபனி. எட்டு மணிக்கு அடுத்த ஊருக்கு வண்டி வந்து நின்றுவிட்டது. "பார்த்ததெல்லாம் சாதாரணக் குரங்கு. அது அழகர்கோயிலில் இல்லையா தம்பி?" என்று கேட்டார். அவர் மனைவி பல மாதம் சேர்த்த பணம் அது. இன்னும் இரண்டு இரவு தங்கியிருந்தால் நான்கு வாய்ப்புகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர்களிடம் நாள் இல்லாமலில்லை. அதைத்தான் சாலையில் செலவழித்தார்கள்.

பணக் கணக்கிலும் இது நஷ்டம். காட்டு விடுதிகள் பெரும்பாலும் வண்டி, படகு, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்தே கட்டணம் வாங்குகின்றன. ஒரு நாள் தங்கினாலும் மூன்று நாள் தங்கினாலும் போய்வருகிற வண்டிக்கு ஆகும் செலவு ஒன்றுதான்.

டானும் பள்ளத்தாக்கில் இது இன்னும் மோசம். லஹாட் டத்து ஊரிலிருந்து சரளைக்கல் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிப் போக வேண்டும். 100.8 மீட்டர் உயரம் என்று அளந்திருக்கிற மரம் நிற்கும் காடு அது. தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு நகர்ந்தால், கீழே நிற்பவருக்கு உதிர்கிற இலை மட்டும்தான் தெரியும். காட்டு அத்தி எங்கே பழுத்திருக்கிறது என்பதை வைத்தே நல்ல வழிகாட்டி விலங்கைத் தேடுவார். முதல் நாள் அந்த மரத்தைக் கண்டுபிடித்தால், மறுநாள் விடியலில் அதனடியில் போய்க் காத்திருக்கலாம். பழத்துக்கு இருவாச்சியும் வரும், ஒராங்குட்டானும் வரும். நீங்களோ மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

என்னைக் கேட்டால், எட்டு நாள் கையில் இருந்தால் இரண்டு காடு போதும். ஆற்றங்கரையில் மூன்று இரவு, டானுமில் மூன்று இரவு. மலையடிவாரத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செபிலோக் மறுவாழ்வு மையத்துக்கு மட்டும் அரை நாள் போதும். காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அங்கே ஒராங்குட்டான்களுக்கு உணவு வைக்கிறார்கள். காட்டில் பழம் நிறைந்திருக்கும் காலத்தில் அவை உணவு வைக்கும் மேடைப் பக்கமே வராமலும் போகும்.

அரையாண்டு விடுமுறையில் போவது

நமக்கு ஐப்பசியில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் டிசம்பர், ஜனவரியில் சண்டக்கான் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. முழு ஆண்டு விடுமுறையில் போங்கள்.

பாஸ்போர்ட்டைச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பது

கிள்ளானிலோ ஈப்போவிலோ மாமா வீடு இருந்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியோடு பாஸ்போர்ட்டையும் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சபாவும் மலேசியாதானே என்ற நினைப்பு. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் அங்கே மறுபடி பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

ஜீன்ஸ்

நனைந்தால் காயாது. வேண்டாம்.

அட்டைக்குப் பயந்து காட்டு நடையைத் தவிர்ப்பது

முழங்கால்வரை வரும் அட்டைத் தடுப்புக் காலுறை அங்கேயே கிடைக்கும். பேன்டை அதற்குள் செருகிக்கொண்டு நடங்கள்.

சைவம் என்று மட்டும் சொல்வது

கீரைப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பது மலாய்ச் சமையலில் வழக்கம். முன்பதிவு செய்யும்போதே மீன், இறால், பெலாச்சான் எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். விடுதியில் இறங்கியதும் சமையல்காரரிடம் நேரில் போய் இன்னொரு முறை சொல்லுங்கள்.