விஸ்லரில் மலைச் சைக்கிள்: புதியவர்கள் எங்கே, எப்படித் தொடங்குவது?

கனடாவின் வான்கூவரிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் விஸ்லர். இரு பக்கமும் மலை, நடுவே பள்ளத்தாக்கு, அதில் வரிசையாக ஏரிகள். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. பனி உருகியதும் அதே மலையின், கம்பியில் தொங்கியபடி மேலேறும் லிஃப்ட்டுகள் சைக்கிள்களை மேலே ஏற்றிச் செல்கின்றன.

படங்களில் வருகிறவர்கள் எல்லாம் ஆகாயத்தில் பறப்பதால், நம்மவர்கள் பலர் "இது நமக்கு ஆகாது" என்று ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் முதல் நாளே ரசித்து ஓட்டும் பாதைகள் அங்கே நிறைய இருக்கின்றன.

படி 1: நிறத்தைப் பாருங்கள், இடத்தையும் பாருங்கள்

பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டயமண்ட் கடினம், இரட்டைக் கறுப்பு டயமண்ட் மிகக் கடினம். பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும்.

லிஃப்ட் உள்ள பைக் பார்க் வேறு, பள்ளத்தாக்கைச் சுற்றிய காட்டுப் பாதைகள் வேறு. பார்க்கில் உள்ள நீலப் பாதைகளில் பல, இயந்திரத்தால் வெட்டிச் சமன்செய்து, வளைவுகளில் மண்ணைச் சாய்வாக அணைத்துக் கட்டியவை. காட்டில் அதே நீலம் என்றால் வேர், பாறை, மூச்சு வாங்கும் ஏற்றம். பார்க்கில் நீலம் ஓட்டிய தைரியத்தில் காட்டு நீலத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். அங்கே மறுபடியும் பச்சையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் காட்டுப் பாதைகள் பலவற்றை 1989இல் தொடங்கிய 'வோர்கா' என்ற உள்ளூர் சைக்கிள் சங்கம் பராமரிக்கிறது. அதன் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 2: வண்டியும் சாமானும்

முதல் நாளுக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வாடகை வண்டியே போதும். லிஃப்ட் ஏறும் நாளில் மட்டும் இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, முகத்தை மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம் மூன்றையும் எடுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஷூவைப் பெடலோடு பூட்டும் முறையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். தட்டைப் பெடல், அடிப்பாகம் வழுக்காத ஷூ, இதுதான் என் தேர்வு; பயந்தால் காலை உடனே தரையில் ஊன்றலாம். வரைபடத்துக்கு டிரெயில்ஃபோர்க்ஸ் செயலி நல்லது. காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முதலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பிரேக்

இதை மட்டும் தாண்டிப் படிக்காதீர்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஸ்கூட்டரிலும் அப்படியே. கனடாவில் நேர் எதிர்: இடது கைதான் முன் சக்கரம்.

சமதரையில் இந்த வித்தியாசம் உறைக்காது. இறக்கத்தில் பயந்துபோகும் நொடியில், பழகிய கை 'பின் பிரேக்' என்ற நினைப்பில் இடது லீவரை முழுதாக இறுக்கிவிடும். முன் சக்கரம் நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். ஊரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர், ஒரு சின்ன இறக்கத்தில் இப்படித்தான் விழுந்தார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

அதற்காக முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பது தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் டயர் இழுபட்டுச் சறுக்கும், பாதையும் பள்ளமாகும்.

எனவே கார் நிறுத்துமிடத்திலேயே பழகுங்கள். முதலில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே இடது லீவரை அழுத்துங்கள். பின் சக்கரம் தூக்கும். வலதை அழுத்துங்கள், பின் சக்கரம் உருளாமல் இழுபடும். கைக்கு இது புரிந்த பிறகு ஏறி, மெதுவாக ஓட்டி, ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் இரண்டு லீவரையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, தரையில் உள்ள ஒரு கோட்டில் நிறுத்துங்கள். யோசிக்காமல் நிற்க வரும்வரை செய்யுங்கள். இடது லீவரில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிக்கொள்வதும் உதவும். லீவர் விரலுக்கு எட்டாமல் தள்ளி இருந்தால் கடையிலேயே கிட்டே வைத்துத் தரச் சொல்லுங்கள். சின்னக் கை உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இறக்கத்தில் சீட்டில் உட்காராதீர்கள். பெடல் இரண்டும் சமமாக, குதிகால் தாழ்ந்து, இடுப்பு கொஞ்சம் பின்னால். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வழி முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடேறும், கையும் மரத்துப்போகும்.

படி 4: முதல் ஓட்டம்

பள்ளத்தாக்கு நெடுக 40 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் வேலி டிரெயில், தார் போட்ட பாதை. அதில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு லாஸ்ட் லேக் பூங்காவுக்குப் போங்கள். அகலமான சரளைப் பாதையும், அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகளும் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன. களைத்தால் சரளைக்குத் திரும்பிவிடலாம். தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படி 5: லிஃப்ட்

பைக் பார்க்கில் பச்சைக்கு 'ஈஸி டஸ் இட்' என்ற பாதை, அது கை வந்தபின் நீலத்துக்கு 'பி-லைன்'. பெயர்பெற்ற 'ஏ-லைன்' கறுப்பு. மேடுகளை வேகமாகத் தாண்டிப் பறப்பதற்கென்றே கட்டியது. வேடிக்கை பார்க்க அதற்குள் நுழையாதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. நிற்பதானால் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்குங்கள். அடுத்த நிறத்துக்கு எப்போது போகலாம்? இப்போதைய பாதையில் எந்த இடத்தில் நிற்க நினைத்தாலும் நிற்க முடிகிறபோது.

வாசகர் கேட்டதற்குப் பின் சேர்த்தவை

லண்டனிலிருந்து வந்த ஒரு வாசகி, பிரேக் தனக்கும் மாறிப்போனதாக எழுதியிருந்தார். ஆமாம், பிரிட்டனிலும் வலதுதான் முன். அங்கிருந்து வருகிறவர்களும் படி 3ஐச் செய்யுங்கள்.

எப்போது போகலாம் என்று பலர் கேட்டீர்கள். பைக் பார்க் பொதுவாக மே நடுவிலிருந்து அக்டோபர் வரை. உச்சிப் பாதைகளில் ஜூலை வரைகூடப் பனி கிடக்கும். மழை பெய்திருந்தால் வேர்கள் வழுக்கும். அவற்றைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், வேரின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

கரடி பற்றியும் கேள்வி வந்தது. கருங்கரடிகள் அங்கே சகஜம். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருவதால் அவை திடுக்கிடும், எனவே மறைவான வளைவுக்கு முன் குரல் கொடுங்கள். கரடியைக் கண்டால் ஓடாமல், நின்று, மெதுவாகப் பின்வாங்கி வழி விடுங்கள். சாப்பாட்டுப் பையைச் சைக்கிளோடு விட்டுவிட்டு ஏரியில் குளிக்க இறங்காதீர்கள்.