நெட்வொர்க் புரோட்டோகால் படிக்க புக் தேடுறப்ப செய்யற தப்புகள்

நெட்வொர்க்கிங் கத்துக்கணும் எதை படிக்கலாம்னு கேட்டா பத்து பேர் பத்து புக் சொல்வாங்க, அத்தனையையும் டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுட்டு ரெண்டாவது சாப்டரோட நின்னுபோறவங்கதான் அதிகம். புக் மோசம்னு சொல்ல வரல. பரீட்சைக்கு தயாராகறவங்களுக்கு எழுதினது வேற, புரோட்டோகாலை, அதாவது கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசற விதிகளை, கோடா எழுதப்போறவங்களுக்கு எழுதினது வேற, முதல் தடவையா புரிஞ்சுக்க வர்றவங்களுக்கு எழுதினது வேற. இது யாருக்கு எழுதினதுன்னு பாக்காம எடுக்கறதுதான் முதல் தப்பு.

அதுல அடிக்கடி நடக்கறது, ஒரிஜினலையே படிச்சிடலாமேன்னு, புரோட்டோகால் விதிகளை நம்பர் போட்டு வெளியிடற ஆர்எஃப்சி டாக்குமென்ட்ல நேரா குதிக்கறது. ஆசை நல்ல ஆசைதான், ஆனா அது பாடம் நடத்த எழுதினது இல்லங்க, ரெண்டு பேர் தனித்தனியா எழுதின புரோகிராம் ஒண்ணோட ஒண்ணு பேசணும்னா என்னென்ன விதிங்கறதுதான் அதுல இருக்கும், ஏன் அப்படி வச்சாங்கங்கறது பல இடத்துல இருக்காது. இதுல இன்னொரு சிக்கல், பழசு எதுன்னு தெரியாம படிச்சிடறது. டேட்டா விடுபடாம வரிசையா போய்ச் சேர பாத்துக்கற டிசிபியைத் தேடினா 1981ல வந்த ஆர்எஃப்சி 793ஐத்தான் எல்லாரும் காட்டுவாங்க, ஆனா 2022லயே 9293 அதோட இடத்துக்கு வந்தாச்சு. வெப் பக்கங்களைக் கொண்டுவர்ற எச்டிடிபி 1.1க்கு 1999ல வந்த 2616ஐ இன்னும் லிங்க் பண்றாங்க, அதை 2014லயே மாத்திட்டாங்க, அப்புறம் 2022ல இன்னொரு தடவையும் மாத்தினாங்க. ஒரு ஆர்எஃப்சி நம்பரை வெளியிட்டுட்டா அந்த டாக்குமென்ட்ல ஒரு எழுத்தைக்கூட திருத்த மாட்டாங்க, புதுசா வேற நம்பர்லதான் போடுவாங்க, அதனால அதோட தகவல் பக்கத்துல "அப்சொலீட்டட் பை"ன்னு, அதாவது இதுக்கு பதிலா வந்தது எதுன்னு, ஒரு வரி இருக்கான்னு பாத்துட்டு படிங்க. ஆர்எஃப்சின்னு பேர் இருந்தாலே அது ஸ்டாண்டர்டுன்னும் நினைச்சுடாதீங்க, 1990 ஏப்ரல் 1 அன்னிக்கு வந்த 1149, புறா கால்ல கட்டி டேட்டா பாக்கெட் அனுப்பறது எப்படின்னு சொல்லுது.

ஆர்எஃப்சி எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்னா 768ஐ எடுங்க. போய்ச் சேந்துச்சான்னு பாக்காம டேட்டாவை அனுப்பற யுடிபியோடது, 1980ல எழுதினது, மூணே பக்கம். டேட்டாவுக்கு முன்னாடி வர்ற ஹெடர் எட்டு பைட், அதுல நாலு ஃபீல்டு, அவ்வளவுதான். அதை படிச்சு முடிச்சாலே ஒரு தைரியம் வரும்.

அடுத்த தப்பு, நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்கா பிரிச்சு காட்டற ஓஎஸ்ஐ மாடலோட ஏழு லேயர். பேரை வரிசையா மனப்பாடம் பண்ணிட்டு எல்லாத்தையும் அந்த ஏழு பெட்டிக்குள்ள அடைக்கப் பாக்கறது. இன்டர்நெட் ஓடற டிசிபி-ஐபி, ஓஎஸ்ஐ மாடலைப் பாத்து செஞ்சது இல்ல, அந்த மாடல் ஸ்டாண்டர்டா வந்தது 1984ல, டிசிபியும் ஐபியும் அதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிடுச்சு. டேட்டாவை என்கிரிப்ட் பண்ற டிஎல்எஸ் எந்த லேயர்னு மணிக்கணக்கா சண்டை போடறவங்கள பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும், அந்த நேரத்துல டிஎல்எஸ் எப்படி வேலை செய்யுதுன்னே படிச்சிருக்கலாம். லேயர்ங்கற யோசனை தெரிஞ்சா போதும், நம்பர் அப்புறம் தானா மனசுல நிக்கும்.

நான் ஆரம்பத்துல பழைய நோட்ஸ் ஒண்ணை வச்சுக்கிட்டு கிளாஸ் ஏ, பி, சின்னு ஐபி அட்ரஸ் பிரிக்கறதுலயே ஒரு வாரம் ஓட்டினேன். 1993லயே, கிளாஸ் இல்லாம அட்ரஸைப் பிரிக்கற சிஐடிஆர் வந்து அந்த முறையை ஓரங்கட்டிடுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வரலாறா ஒரு பக்கம் படிச்சா போதும், அதையே இன்னிக்கு நடக்கற முறைன்னு ஒரு புக் சொன்னா மூடி வச்சிடுங்க. அதே மாதிரி பரீட்சை கேள்வி-பதில் தொகுப்பை (டம்ப்) வச்சு படிக்கறதும் வேணாம், பதில் ஞாபகம் இருக்கும், காரணம் இருக்காது.

அப்போ நல்ல புக்கை எப்படி கண்டுபிடிக்கறது? நான் பண்றது இதுதான். டிசிபி கனெக்‌ஷன் ஆரம்பிக்கற பக்கத்தை திறந்து ஏன் மூணு மெசேஜ்னு சொல்லியிருக்கான்னு பாப்பேன். ரெண்டு பக்கமும் தன்னோட ஆரம்ப சீக்வன்ஸ் நம்பரை, அதாவது அனுப்பற பைட்டுகளை எந்த நம்பர்லேர்ந்து எண்ணப்போகுதுன்னு, சொல்லணும், அது கிடைச்சுதுன்னு எதிர்ப்பக்கம் ஒத்துக்கணும், அப்படி பாத்தா நாலு மெசேஜ் வரணும், நடுவுல ரெண்டையும் ஒண்ணா சேர்த்து அனுப்பறதால மூணாச்சு. இதை விளக்காம வெறும் அம்புக்குறி படம் மட்டும் போட்டிருந்தா அடுத்த புக்குக்கு போயிடுவேன். கியூரோஸ்-ராஸ் புக் மேல அப்ளிகேஷன்ல ஆரம்பிச்சு கீழ வரும், தெரிஞ்ச இடத்துலேர்ந்து ஆரம்பிக்கறதால புதுசா வர்றவங்களுக்கு அந்த வரிசை நல்லா ஒத்துவரும். பீட்டர்சன்-டேவி புக் முழுசாவே ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு.

எதை எடுத்தாலும் பக்கத்துல, நெட்வொர்க்ல போற பாக்கெட்டுகளைப் பிடிச்சு காட்டற வயர்ஷார்க் திறந்து வச்சுக்கிட்டு படிங்க, அது இல்லாம படிக்கறதுதான் பெரிய தப்பு. ரெண்டு இடத்துல குழப்பம் வரும், முன்னாடியே சொல்லிடறேன். ஆரம்ப சீக்வன்ஸ் நம்பரை யூகிக்க முடியாதபடி வைக்கணும்னு புக் சொல்லும், ஸ்கிரீன்ல 0ன்னு காட்டும், வயர்ஷார்க் நமக்கு படிக்க ஈஸியா இருக்கட்டும்னு கழிச்சு காட்டுது, செட்டிங்ஸ்ல ரிலேட்டிவ்ங்கறத எடுத்துவிட்டா நிஜ நம்பர் தெரியும். இன்னொண்ணு, பிரவுசர்ல ஒரு சைட்டை திறந்துட்டு அந்த மூணு மெசேஜ் ஹேண்ட்ஷேக்கையே காணோம்னு தேடுவீங்க, பல சைட் இப்போ எச்டிடிபி 3ல, அதாவது யுடிபி மேல ஓடற குவிக்ங்கற புரோட்டோகால்ல போகுது. அதுக்கு பதிலா டெர்மினல்ல அந்த சைட்டைக் கொண்டுவர சாதாரண கர்ல் கமாண்ட் ஒண்ணு போட்டு பாருங்க, அந்த மூணு மெசேஜும் வரிசையா வந்து நிக்கும்.