டீசல் மோட்டார்ஹோம் ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தைக் கேளுங்கள், புகையைப் பாருங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்கால விடுமுறை வந்தால் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் மோட்டார்ஹோமில் கிளம்புகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்ற வண்டி கிளம்புகிற அன்றுதான் மக்கர் பண்ணும். இல்லையென்றால் ஹாரிஸ்மித் குளிரில், பொழுது விடிந்ததும். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் டீசல் மெக்கானிக் வேலை பார்க்கிற நான் சொல்வது இதுதான்: எடுத்த எடுப்பிலேயே டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பம்ப் என்று செலவில் இறங்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு பேட்டரி, எர்த் இணைப்பு, டீசல் ஃபில்டர் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா, எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறதா? அப்படியானால் டீசல் பக்கமே போகவேண்டாம், கரண்ட்டைப் பாருங்கள். உள்ளே விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடுகிறதே என்று பேட்டரியை நம்பிவிடாதீர்கள். அவை ஓடுவது வண்டிக்குள் இருக்கும் வீட்டு வசதிகளுக்கான தனி பேட்டரியில். ஸ்டார்ட்டருக்கு வேறு பேட்டரி. ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டிய வண்டிகள் பலவற்றில் அந்த ஸ்டார்ட்டர் பேட்டரி கேபின் தரைக்கு அடியில் இருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றுகிறதா? கியர்பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஸ்ட்ராப்பை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற பட்டைக் கம்பியைப் பாருங்கள். நம் கடற்காற்று அதைத்தான் முதலில் தின்னும். வெளியே பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் போல்ட்டைக் கழற்றினால் ஸ்ட்ராப் முனையிலுள்ள வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். சோதிக்கச் சுலபமான வழி: கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் பிடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். விறுவிறுவென்று சுற்றினால் ஸ்ட்ராப்தான் கோளாறு. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி இறுக்குங்கள். இழை அறுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். அப்புறம் ஒரு நிமிஷமாவது ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள்.

புகையே வரவில்லையா? டீசல் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மின்னுகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் ஃபில்டர். அடியிலிருக்கும் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அப்படியே வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கிவிடும், மேலே டீசல் மஞ்சளாக நிற்கும். நடுவில் கறுப்பாக வழவழவென்று ஏதாவது மிதந்தால் டாங்கியில் கிருமி வளர்ந்திருக்கிறது. ஃபில்டர் மாற்றினால் மட்டும் போதாது, டாங்கியையும் கழுவவேண்டும். ஃபில்டர் மாற்றியபின் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் வருகிறது, எரியவில்லை. குளிர்காலையில் இது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆவதற்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றுகிற குளோ பிளக்கின் வேலைதான். எல்லா பிளக்கும் செத்திருந்தால் அவற்றுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயையும் சந்தேகப்படுங்கள். கோபத்தில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள்! சூடான குளோ பிளக்கில் அது பட்டால் வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும்.

பழைய எஞ்சினில் செய்வதுபோல இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பதும் கூடவே கூடாது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1000 பார் (bar) அளவுக்கு மேலேயும் போகும். பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வோல்ட் எவ்வளவு, புகை என்ன நிறம், ஜாடியில் என்ன தெரிந்தது என்று மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.