கஸ்டம் ஹார்ட்டெயிலுக்கு ஃபோர்க் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க

ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற மவுண்டன் பைக்) ஃப்ரேம் தனியா செஞ்சு வாங்கி பார்ட் பார்ட்டா கட்டறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "120 போடலாமா, 140 போடலாமா"ங்கறது தான், அதாவது ஃபோர்க் எத்தனை மிமீ அமுங்கணும்ங்கற ட்ராவல் நம்பர். என் ஸ்டீல் ஃப்ரேமுக்கு ஃபோர்க் (முன் வீலை புடிச்சுட்டு அமுங்கற பகுதி) தேடும்போது நானும் அங்கதான் ஆரம்பிச்சேன், ஸ்பெக் ஷீட்டா பாத்து பாத்து கண்ணு பூத்துப்போன அப்புறம்தான் ஒண்ணு தெளிவாச்சு, ட்ராவல் நம்பரை நாம முடிவு பண்ண வேண்டியதே இல்ல, மத்ததை எல்லாம் ஒழுங்கா அளந்தா அது தானா வந்து நிக்கும். ஃபுல் சஸ்பென்ஷன்ல முன்னாடியும் பின்னாடியும் சேந்து அமுங்கும், ஹார்ட்டெயில்ல முன்னாடி மட்டும் தான். அதனால இங்க ஃபோர்க்கோட நீளம் மாறுனா ஃப்ரேமோட ஆங்கிள் எல்லாமே மாறிடும்.

வீல் கழட்டறது, ஸ்டெம் கழட்டறது, ஹெட்செட் டைட் பண்றது இதெல்லாம் உங்களுக்கு தெரியும்னு வெச்சுக்கறேன். நேரா மேட்டருக்கு போயிடலாம். உதாரணம் எல்லாம் 29 இன்ச் வீலுக்கு சொல்றேன், 27.5க்கு நம்பர் மாறும், வழி அதே தான்.

ஸ்டெப் 1: ஃப்ரேம் எந்த ஃபோர்க் நீளத்துக்கு வரைஞ்சதுன்னு கேளுங்க

ஃப்ரேம் பில்டர் குடுக்கற ட்ராயிங்ல ஆக்ஸில் டு கிரவுன்னு ஒரு நம்பர் இருக்கும். முன் ஆக்ஸிலோட நடு மையத்துலேர்ந்து கிரவுன் ரேஸ் (ஃபோர்க்கோட ரெண்டு காலும் சேர்ற கிரவுன் மேல, ஹெட்செட்டோட கீழ் பேரிங்கை தாங்கற வளையம்) உக்கார்ற இடம் வரைக்கும் இருக்கற நீளம் அது. 29க்கு 130 மிமீ ட்ராவல் ஃபோர்க்னா சுமாரா 530லேர்ந்து 540 மிமீக்குள்ள வரும். ஒரே கம்பெனி ஒரே மாடல்ல ட்ராவல் 10 மிமீ கூடுனா இந்த நீளமும் 10 மிமீ கூடும், ஆனா கம்பெனி மாறுனா ட்ராவல் அதே 130ஆ இருந்தாலும் நீளம் 5, 6 மிமீ, சிலதுல அதுக்கு மேலயும் தள்ளி நிக்கும். அதனால "130 ஃபோர்க்குக்கு ஏத்த ஃப்ரேம்"னு யாராவது வாய்ல சொன்னா அதோட விடாதீங்க, நீளம் எத்தனைன்னு மில்லிமீட்டர்ல கேளுங்க.

ஏன் இவ்ளோ நுணுக்கம்னா, நீளம் 10 மிமீ கூடுனா ஹெட் ஆங்கிள் (தரையை வெச்சு பாத்தா ஹெட் ட்யூப்ங்கற முன் குழாயோட கோணம்) கிட்டத்தட்ட அரை டிகிரி சாயும், சீட் ஆங்கிளும் அதே அரை டிகிரி பின்னாடி போகும், பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்தற அச்சு) 3 மிமீ கிட்ட மேல ஏறும், ரீச் (அங்கேர்ந்து ஹெட் ட்யூப் மேல்நுனி வரைக்கும் படுக்கை தூரம்) ஒரு 5 மிமீ குறையும். தனித்தனியா பாத்தா சின்னது. 20 மிமீ தப்பா போச்சுன்னா நீங்க காசு குடுத்து வரைய வெச்ச பைக் வேற, ஓட்டற பைக் வேற.

இன்னொண்ணும் கேக்கணும், அந்த நம்பர் ஆள் உக்காராம இருக்கும்போதா, இல்ல சாக் (ஆள் ஏறி உக்காந்ததும் ஃபோர்க் அமுங்கற அளவு) கழிச்சதா? சில பில்டருங்க ஃபோர்க் கொஞ்சம் அமுங்குன நிலைமைலயே வரைவாங்க. 130 மிமீல 20 சதவீதம் சாக்னா 26 மிமீ. 535 நீள ஃபோர்க் ஆள் ஏறுனதும் 509 ஆயிடும், ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல நிமிந்துடும். ட்ராயிங்ல 509னு இருக்கறதை பாத்துட்டு 510 நீள ஃபோர்க் வாங்குனீங்கன்னா அது மேல இன்னொரு சாக் போயி முன்பக்கம் தரையை மோந்துட்டு இருக்கும்.

ஸ்டெப் 2: ஹெட் ட்யூப், கீழ் கப் (இங்க மெதுவா படிங்க)

எனக்கு ரொம்ப நாள் கணக்கு உதைச்ச இடம் இதுதான், எழுதறவங்க பல பேர் ரெண்டு வரில தாண்டிடறாங்க.

இப்ப வர்ற நல்ல ஃபோர்க் எல்லாமே டேப்பர் ஸ்டீரர், அதாவது ஹெட் ட்யூப்குள்ள போற ஃபோர்க்கோட குழாய் கீழ தடிச்சு மேல ஒல்லியா இருக்கும். மேல ஒண்ணே அரைக்கால் இன்ச், அதாவது 28.6 மிமீ, கீழ ஒன்றரை இன்ச், கிரவுன் ரேஸ் உக்கார்ற இடம் 39.8 மிமீ. பழைய ஸ்ட்ரெயிட் ஸ்டீரர்ல கீழ 30 மிமீ. உங்க ஹெட் ட்யூப் பொதுவா மூணு வகைல ஒண்ணா இருக்கும். உள்விட்டம் 34 மிமீ இருக்கற பழைய ட்யூப்னா டேப்பர் போகவே போகாது, ஸ்ட்ரெயிட் ஸ்டீரர் ஃபோர்க் தான் தேடணும், சாய்ஸ் ரொம்ப கம்மி. மேல 44 கீழ 56 இருந்தா டேப்பர் அப்படியே உள்ள போயி அமைதியா உக்காந்துடும். மூணாவது மேலயிருந்து கீழ வரைக்கும் நேரா 44 மிமீ. கஸ்டம் ஸ்டீல் ஃப்ரேம்ல இது நிறைய வரும், பில்டருங்களுக்கு வெல்டு பண்ணவும் ஈஸி, எந்த ஸ்டீரரும் போட்டுக்கலாம்.

சிக்கல் இந்த மூணாவதுல தான். 44 மிமீ ஓட்டைக்குள்ள ஒன்றரை இன்ச் ஸ்டீரருக்கான பேரிங் உள்ள அடங்காது, அதனால கீழ் கப் (பேரிங்கை தாங்கற கிண்ணம்) வெளில தொங்கணும். ஹெட்செட் பெட்டில ஈசி44/40னு போட்டிருக்கும், ஈசின்னா வெளி கப், 44 ட்யூப் அளவு, 40 கிரவுன் ரேஸ் அளவு. இசட்எஸ்னு ஆரம்பிச்சா பேரிங் ட்யூப்குள்ள உக்கார்ற வகை. அந்த வெளி கப்போட உயரம் பிராண்டை பொறுத்து சுமார் 10லேர்ந்து 15 மிமீ. இந்த உயரம் ஃபோர்க் ஸ்பெக்ல வராது, ஏன்னா ஃபோர்க் கம்பெனி கிரவுன் ரேஸோட நிறுத்திடும். ஃப்ரேம் ட்ராயிங்லயும் சில நேரம் வராது. ரெண்டு பேரும் கணக்கு வெக்காத 12 மிமீ நடுவுல உக்காந்துட்டு உங்க ஹெட் ஆங்கிளை அரை டிகிரி சாச்சுடும்.

நான் பண்றது இதுதான்: ஃபோர்க் ஸ்பெக் நீளம், அதோட கீழ் கப் உயரம், ரெண்டையும் கூட்டி "ஹெட் ட்யூப் அடிவிளிம்புலேர்ந்து ஆக்ஸில் வரைக்கும்"னு ஒரே நம்பரா வெச்சுக்கறேன். பில்டர்கிட்டயும் அதே நம்பரை தான் கேக்கறேன். "நீங்க வரைஞ்சதுல ஹெட் ட்யூப் அடிலேர்ந்து ஆக்ஸில் எத்தனை மிமீ?" அவர் 545னு சொன்னா, கப் 12னா எனக்கு 533 ஃபோர்க் வேணும், கப் 3 மிமீ மட்டும்னா 542 ஃபோர்க் வேணும். பாருங்க, ஒரே ட்ராயிங், ஹெட்செட் மாறுனதுக்கே கிட்டத்தட்ட 10 மிமீ ட்ராவல் வித்தியாசம் வந்துடுச்சு. ஹெட்செட்டை கடைசில வாங்கிக்கலாம்னு நெனக்காதீங்க, ஃபோர்க்குக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

அளக்கறதுக்கு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வெச்சுக்கோங்க, பிளாஸ்டிக்ல வர்ற மலிவானதே போதும். டேப் வெச்சு 44ஐயும் 45ஐயும் பிரிச்சு சொல்ல முடியாது.

ஸ்டெப் 3: ஹப், பிரேக்

ஏற்கனவே கைல முன் வீல் இருக்கா? அப்ப ஹப் எதுன்னு பாருங்க. புது ஃபோர்க் பெரும்பாலும் 15x110 பூஸ்ட், அதாவது 15 மிமீ ஆக்ஸில், 110 மிமீ அகல ஹப். பழைய 15x100 ஹப்பை பூஸ்ட் ஃபோர்க்ல போட அடாப்டர் கிட் இருக்கு, ரெண்டு பக்கமும் 5 மிமீ ஸ்பேசர், ரோட்டருக்கு (பிரேக் டிஸ்க்) கீழ ஒரு 5 மிமீ. தலைகீழா, அதாவது பூஸ்ட் ஹப்பை 100 மிமீ ஃபோர்க்ல, நடக்காது. 9 மிமீ குவிக் ரிலீஸ் ஃபோர்க்கை புதுசா காசு குடுத்து வாங்காதீங்க, அவ்ளோதான். பிரேக் மவுண்ட் 180னு இருந்தா 160 ரோட்டர் போட முடியாது, பெருசா தான் போக முடியும்.

ஸ்டெப் 4: ஆஃப்செட்

ஸ்டீரர் கோட்டுலேர்ந்து முன் ஆக்ஸில் எவ்ளோ முன்னாடி தள்ளி இருக்குங்கறது தான் ஆஃப்செட். 29க்கு பழசுல 51 மிமீ, இப்ப 42 இல்ல 44. ஆஃப்செட் 7 மிமீ குறைஞ்சா ட்ரெயில் (ஸ்டீரர் கோடு தரையை தொடற இடத்துக்கும் டயர் தொடற இடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) 7, 8 மிமீ கூடும், ஸ்டியரிங் கொஞ்சம் நிதானமாகும், முன் வீலும் அதே 7 மிமீ கால் பக்கம் வரும். உதாரணமா 66 டிகிரி ஹெட் ஆங்கிள், 2.4 டயர், 44 ஆஃப்செட்னா ட்ரெயில் 116 மிமீ கிட்ட, 51னா 109 கிட்ட. இதை வெச்சு இணையத்துல பெரிய சண்டையே நடக்கும். என் கருத்து, ஹெட் ஆங்கிள் 66க்கு கீழன்னா சின்ன ஆஃப்செட் எடுங்க, 68 மாதிரி நிமிந்த ஃப்ரேம்னா 51 நல்லாத்தான் இருக்கும், நடுவுலன்னா எது நல்ல ஃபோர்க்ல கெடைக்குதோ அதை எடுத்துட்டு தூங்க போங்க.

ஸ்டெப் 5: இப்ப ட்ராவல்

மேல கெடச்ச நீளத்தை வெச்சு ஸ்பெக் ஷீட்ல தேடுனா 120லேர்ந்து 140க்குள்ள ஏதோ ஒண்ணுல வந்து நிக்கும். அதுக்கு மேல போகணும்னு ஆசையா இருந்தா இதை யோசிங்க, 130 மிமீ ஃபோர்க் முழுசா அமுங்கும்போது ஹெட் ஆங்கிள் ஐந்தரை, ஆறு டிகிரி நிமிரும். 65ல இருக்கற பைக் பள்ளத்துல பிரேக் புடிக்கும்போது 70ஐ தாண்டி நிக்கும். 160 போட்டா இன்னும் மோசம், எங்க ரொம்ப நிதானம் வேணுமோ அங்கதான் பைக் துள்ளும். பின்னாடி டயர் மட்டும் தானே இருக்கு, முன்னாடி எவ்ளோ ட்ராவல் குடுத்தாலும் பின் ரிம் தான் முதல்ல அடி வாங்கும். ஃப்ரேமுக்கு பில்டர் சொன்ன அதிகபட்ச நீளத்தையும் தாண்டாதீங்க, நீட்டு ஃபோர்க் நெம்புகோல் மாதிரி, டவுன் ட்யூப் ஹெட் ட்யூப் சேர்ற ஜாயிண்ட்ல தான் சுமை போயி சேரும்.

ஸ்டாஞ்சன் (ஃபோர்க்கோட மேல் கால் குழாய்) விட்டம், மிமீல: லேசான கிராஸ் கன்ட்ரின்னா 32. ட்ரெயில் ரைடிங்னா 34, 35. ஃபாக்ஸ் 34, மர்சோக்கி இசட்2, மனிட்டு மேட்டாக் எல்லாம் இந்த கூட்டத்துல வரும். கனமான ஆள், ஜம்ப் எல்லாம் போவீங்கன்னா 36. 38 ஹார்ட்டெயிலுக்கு வேண்டாத சுமை.

ஸ்டெப் 6: ஸ்பிரிங், டேம்பர்

ஏர் ஸ்பிரிங் எடுங்க. காயில் இன்னும் மென்மையா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா உங்க வெயிட்டுக்கு சரியான ஸ்பிரிங்கை தேடி மாத்தற வேலையை முதல் பில்டுல தலைல ஏத்திக்க வேண்டாம். ஏர்னா ஷாக் பம்ப் கட்டாயம் வேணும், தரைல வெச்சு மிதிக்கிற டயர் பம்ப்ல இதை பண்ண நெனக்காதீங்க, ஒரு அடிக்கு ஏகப்பட்ட காத்து போகும், துல்லியமே வராது.

டேம்பர்ல (ஃபோர்க் அமுங்கற, எழற வேகத்தை கட்டுப்படுத்தற பகுதி) ரீபவுண்ட் நாப், அதாவது திரும்பி எழற வேகத்தை மாத்தற திருகு இல்லாத ஃபோர்க் வேண்டாம். லாக்அவுட் (ஃபோர்க்கை அமுங்காம பூட்டறது) இருக்கறதை பெரிய விஷயமா எழுதுவாங்க, நான் அதை தொடறதே இல்ல. லாக்அவுட்டுக்கு குடுக்கற காசை லோ ஸ்பீட் கம்ப்ரஷன் (மெதுவா அமுங்கறதை எதிர்க்கற அளவு) அட்ஜஸ்ட் இருக்கற டேம்பருக்கு குடுங்க, பிரேக் புடிக்கும்போது ஃபோர்க் குப்புற விழாம தாங்கறது அதுதான், ஹார்ட்டெயில்ல அதோட அருமை நல்லாவே தெரியும். அப்படியும் அமுங்குதுன்னா வால்யூம் ஸ்பேசர் (ஏர் அறையை சின்னதாக்கற துண்டு) ஒண்ணு சேத்து பாருங்க. சாக் 15லேர்ந்து 20 சதவீதத்துல ஆரம்பிங்க.

ஸ்டெப் 7: ஸ்டீரர் வெட்டறது

கீழ் கப், ஹெட் ட்யூப், மேல் கப், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாத்தோட உயரத்தையும் கூட்டி 3 மிமீ கழிங்க. முதல் தடவை ஸ்பேசர் ஒண்ணு ரெண்டு அதிகமாவே விடுங்க, அப்புறமா வெட்டிக்கலாம், ஒட்ட முடியாது. பைப் கட்டர் வேண்டாம், அலுமினிய ஸ்டீரரோட விளிம்பை பிதுக்கி விட்டுடும், ஸ்டெம் ஏறாது. சா கைடு, நல்ல ஹேக்சா பிளேடு, அப்புறம் அரம். அவ்ளோதான் கருவி.

அப்டேட்: கிரவுன் டவுன் ட்யூப்ல இடிக்குதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. டவுன் ட்யூப் நேரா வர்ற ஃப்ரேம்ல, கீழ் கப்பும் உயரம் கம்மியான வகையா இருந்தா, ஹேண்டில்பார் முழுசா திரும்பும்போது கிரவுனோ அடில இருக்கற நாபோ ட்யூப்ல மோதும். ஃப்ரேம் இன்னும் செய்யலன்னா ஃபோர்க் மாடலை முதல்லயே பில்டர்கிட்ட சொல்லிடுங்க, டவுன் ட்யூப்பை லேசா வளைச்சோ ஹெட் ட்யூப்பை கீழ கொஞ்சம் நீட்டியோ சரி பண்ணிடுவாங்க. ஃப்ரேம் கைக்கு வந்துடுச்சுன்னா உயரமான கீழ் கப் போடலாம், ஆனா ஸ்டெப் 2 கணக்கை திரும்ப போடணும்.

இன்னொரு அப்டேட்: வாங்குன ஃபோர்க் 10 மிமீ நீளமா போச்சு, மாத்தணுமான்னு ஒருத்தர். மாத்த வேண்டாம். ஏர் ஃபோர்க் நிறைய மாடல்ல ஏர் ஷாஃப்டை (ஏர் ஸ்பிரிங்கோட உள் தண்டு) மட்டும் மாத்தி ட்ராவலை குறைக்கலாம், மனிட்டுவோட சில மாடல்ல உள்ள ஸ்பேசர் இடம் மாத்துனாலே போதும். வாங்கறதுக்கு முன்னாடியே உங்க மாடலுக்கு அந்த ஷாஃப்ட் கெடைக்குதான்னு பாத்துக்கோங்க, என்னைக் கேட்டா ஒரே மாதிரி ரெண்டு ஃபோர்க்ல எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணவே இது நல்ல காரணம்.

செகண்ட் ஹேண்ட் எடுக்கறவங்களுக்கு: ஸ்டாஞ்சன்ல நகத்தை ஓட்டி பாருங்க, நகம் மாட்டற கீறல் இருந்தா விட்டுடுங்க. ஸ்டீரர் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஸ்கேல் வெச்சு போட்டோ அனுப்ப சொல்லுங்க, கிரவுன்ல ப்ரெஸ் பண்ணி வர்ற ஸ்டீரரை தனியா மாத்த முடியாது. லோயர் (ஃபோர்க்கோட கீழ் கால்) சர்வீஸ் எப்ப பண்ணாங்கன்னு கேளுங்க, ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரம்னு சொல்லுது, ஃபாக்ஸ் 125 மணி நேரம். "சர்வீஸா? பண்ணதே இல்ல, சூப்பரா ஓடுது"ன்னு பதில் வந்தா சீல், ஆயில் செலவை விலைல கழிச்சு பேசுங்க.